அடி அண்ணாமலையில் ரிமோட் செத்த வாரம்

அடி அண்ணாமலையில் யார் வீட்டு டிவி எந்தச் சுவரோரம் இருக்கிறது, அதை யார் படுத்துக்கொண்டு பார்ப்பார்கள், யார் அடுப்படியிலிருந்து கழுத்தை மட்டும் நீட்டிப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்த வாத்தியார்களுக்குக்கூட அவ்வளவு தெரியாது. அந்த ஆள் கேபிள்கார அப்பாதுரை.

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு அவரைக் கைவிட்டது. அவரும் பதிலுக்குக் கணக்கைக் கைவிட்டார். அந்தச் சமயம் பார்த்து டவுனிலிருந்து கேபிள் லைன் இழுத்துக்கொண்டு வந்தவர்களுக்குப் புளியமரம் ஏற ஓர் ஆள் தேவைப்பட்டது. ஏறினார். இருபத்துமூன்று வருஷமாக இறங்கவே இல்லை என்பாள் அவர் மனைவி தமிழ்செல்வி. அவளுக்குச் சொல்ல உரிமை உண்டு. மாப்பிள்ளை அழைப்பன்று ஊர்வலம் தெருமுனை திரும்பும்போது ஒரு வீட்டிலிருந்து "படம் போயிடுச்சி" என்று குரல் வந்தது; மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறிவிட்டார். ஏறுவதற்கு முன்னால் மாலையைக் கழற்றித் தோழனிடம் பத்திரமாகக் கொடுத்தேனே என்பது இன்றைக்கும் அவர் தரப்பு நியாயம்.

கிரிவலப் பாதைக் குரங்குகள் வயரைக் கடிக்கும். மழை பெய்தால் ஜாயின்ட்டில் ஈரம் இறங்கும். அன்னதானப் பந்தல் போடுகிறவர்கள் கயிறு என்று நினைத்து வயரில் பேனரைக் கட்டுவார்கள். எதுவானாலும் போன் வரும்: "அப்பாதொர, படம் புள்ளி புள்ளியா வருதுபா." அவர் வருவார், வயர் நுனியைத் திருகுவார், டிவியின் தலையில் ஒரு தட்டு தட்டுவார், படம் வரும், பின்னாலேயே காபி வரும். காபிக்காக அவரே ஜாயின்ட்டைத் தளர்த்திவிட்டுப் போகிறார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதிதான் உண்மை.

பிறகு அந்தப் புள்ளிகளுக்கே முடிவு வந்தது. பழைய முறையில் படம் அனுப்புவது நின்றுவிடும், இனி எல்லாம் டிஜிட்டல், வீட்டுக்கு ஒரு பெட்டி வைத்தால்தான் டிவி தெரியும் என்றார்கள். டிஜிட்டல் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு அப்பாதுரை, "முன்ன தண்ணி மாதிரி வந்துது, இனிமே ஐஸ் கட்டி மாதிரி வரும்" என்று விளக்கினார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சொன்னவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

பெட்டி கைக்கு வந்ததும் குழப்பம் தெருத் தெருவாகப் பரவியது. ஆதார் நகல் கேட்டதால், ரேஷனில் பருப்பை நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு என்று, எதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிற மூர்த்தி முடிவு கட்டினார். பெட்டியின் முன்பக்கம் நடுவில் கறுப்பாக ஒரு கண்ணாடி இருந்தது. அதற்குப் பின்னால் கேமரா இருக்கிறது என்று நம்பிய தங்கம்மாள், புடவை மாற்றும்போதெல்லாம் அதன்மேல் துண்டைப் போட்டாள். ஒருவர், "அதான் புதுசா குடுக்கறாங்களே" என்று பழைய டிவியை எடைக்குப் போட்டுவிட்டு, வெறும் பெட்டியின் எதிரே குடும்பத்தோடு உட்கார்ந்தார். டிவிக்கு ஒரு ரிமோட், பெட்டிக்கு ஒரு ரிமோட் என்று ஆனதும், பெரியவர்கள் இரண்டு கையிலும் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொண்டு டிராக்டர் ஓட்டுவதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

எப்படியோ ஒன்பது நாளில் அறுபத்தெட்டு வீட்டிலும் பெட்டியை மாட்டி முடித்தார் அப்பாதுரை. படம் கழுவிவிட்டதுபோல் வந்தது. பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. அரிவாள், மோட்டார், மிக்ஸி, பைக், பிள்ளைகள் வருஷத்தில் அன்றைக்கு மட்டும் மரியாதையாகத் தொடுகிற புத்தகம் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். வீட்டுக்குப் புதிதாக வந்தது பெட்டி. அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தார்கள். சுண்டல் தின்றார்கள். படுத்தார்கள்.

மறுநாள் காலை ஊரில் பெட்டி ரிமோட் ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

எந்தச் சேனலில் நிறுத்தியிருந்தார்களோ அதிலேயே பெட்டி நின்றது. ஒரு வீட்டில் பொழுதுக்கும் தெலுங்குச் செய்தி. ஒரு வீட்டில் வாணலி விற்கிறவன் சாயங்காலம் வரை அதே வாணலியை விற்றான். இன்னொரு வீட்டில் ஏதோ வடக்கத்தி ஆட்டம் மாட்டிக்கொண்டது. அந்த வீட்டுக் கிழவர் மட்டும், "இதுவும் நல்லாத்தான் இருக்குது, உடு" என்றார். மளிகைக் கடையில் பேட்டரி தீர்ந்தது. நாடக நேரம் நெருங்க நெருங்க, போனில் அப்பாதுரையை "தம்பி" என்றும் "அண்ணே" என்றும் கூப்பிட்டவர்கள் "யோவ்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

திங்கட்கிழமை, டவுனில் சிக்னல் கொடுக்கிற ஆபீசிலிருந்து மேனேஜர் அன்பரசன் கூப்பிட்டார். வயது முப்பதுதான். ஆனால் போனில் பேசும்போது ஐம்பதாகிவிடுவார்.

"அண்ணே, உங்க லைன்ல அறுபத்தெட்டு பெட்டி. அறுபத்தேழு கம்ப்ளெயிண்ட். இன்னா லைன் ஓட்றீங்க?"

"பெட்டியிலதான் சார் கோளாறு."

"அதே பெட்டிதான் அருள்ராஜ் லைன்லயும் இருக்குது. அங்க நாலே நாலு கம்ப்ளெயிண்ட். உங்க லைன்ல கடைசியா வந்தது யாரு தெரியுமா? தமிழ்செல்வின்னு ஒரு அம்மா. உங்க வூட்டு அட்ரஸ் போட்டிருக்குது."

அப்பாதுரை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "பின்ன? நாடகம் பாக்கணும்ல" என்றாள் அவள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே வருவேன்ணே. ஒரு கம்ப்ளெயிண்ட் நின்னாலும் லைன அருள்ராஜ் கைல குடுத்துடுவேன். அப்பறம் என் மேல வருத்தப்படாதீங்க."

அருள்ராஜ் ரமணாசிரமம் பக்கம் வாடகை ரூம்களுக்கு லைன் கொடுப்பவன். சட்டையில் பேர் எம்பிராய்டரி போட்டிருப்பான், ஏணியை ஆள் வைத்துத் தூக்குவான். அடி அண்ணாமலையைக் கடக்கும்போதெல்லாம் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவான். அவனுக்கு மரங்களின்மேல் அப்படி என்ன ஆசை என்று அப்பாதுரைக்குத் தெரியாதா?

லைன் போனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற கவலை இருந்தது. அதைவிட ஒரு கவலை உள்ளே இருந்தது. அதை அவர் தமிழ்செல்வியிடம்கூடச் சொல்லவில்லை. இந்த ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூப்பிடாமலே போகலாம் அவர். லைன் போய்விட்டால் எல்லாரையும்போல வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டும்.

இரண்டு நாள் மரம் மரமாக ஏறினார். ஜாயின்ட்டை எல்லாம் வெட்டிப் புதிதாகப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஊர் அதற்குள் தானாகவே ஆராய்ச்சியில் இறங்கியிருந்தது. மலையில் காந்தம் இருக்கிறது, அதுதான் இழுக்கிறது என்றார் மூர்த்தி. அப்படியானால் தருமன் வீட்டில் மட்டும் ஏன் இழுக்கவில்லை என்று ஒருவர் கேட்டதும் ஊரே தருமன் வீட்டுப் பக்கம் திரும்பியது.

அறுபத்தெட்டில் அந்த ஒன்று தருமன் வீடு. கறுப்புச் சட்டை தருமன். பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஆண்டவன் பெயரிலேயே ஓடுகிற ஊரில் முப்பது வருஷமாக ஆண்டவன் இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பவர். பௌர்ணமியன்று எதிர்ப்புக் காட்டக் கடையை மூடுவார். கிரிவலம் வருகிற வண்டிகள் பஞ்சராகி நிற்பதைப் பார்த்து மனிதாபிமானத்தில் திறப்பார். அவர் வீட்டில் ரிமோட் ராஜாவாக வேலை செய்தது.

"சாமி இல்லைன்றவன் வூட்ல சேனல் மாறுது, தெனம் வெளக்கேத்தற என் வூட்ல மாறல. இது இன்னா நியாயம்?" என்று தங்கம்மாள் நேராக மலையைப் பார்த்தே கேட்டாள். மலை வழக்கம்போல் இருந்தது.

புதன்கிழமை அப்பாதுரை தருமன் வீட்டுக்குப் போனார்.

"வாய்யா வா" என்று தருமன் வரவேற்றார். "ஊரு பூரா பூஜ போட்டீங்க, பொட்டி படுத்துக்கிச்சி. நான் போடல. பாரு, எப்படி ஓடுதுன்னு." ரிமோட்டை நீட்டிச் சடசடவென்று முப்பது சேனலை மாற்றிக் காட்டினார். ஒன்றையும் பார்க்கவில்லை.

"பெட்டியக் கொஞ்சம் திருப்பிப் பாக்கலாமா தோழர்?"

"நல்லா பாரு. பகுத்தறிவுக்கு முன்னும் பின்னும் ஒண்ணுதான்."

அப்பாதுரை திருப்பினார். பின்பக்கம் வயர் செருகும் ஓட்டைக்குப் பக்கத்தில், மிளகளவுக்கு, ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவே ஊசிமுனைக் குங்குமம். நிமிர்ந்தார். அடுப்படி நிலைப்படியில் தருமனின் மனைவி ரேவதி கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். புருஷன் பார்க்காத ஒரு நொடியில் கரண்டியோடு சேர்த்துக் கையைக் கூப்பி இறக்கினாள்.

"இன்னாய்யா இருக்குது பின்னால?"

"வயருதான் தோழர்."

பெட்டியைப் பழையபடி வைத்த அப்பாதுரை முன்பக்கத்தையே பார்த்தார். இந்த வீட்டிலும் பூஜை நடந்திருக்கிறது. பொட்டும் இருக்கிறது. ஆனால் பின்னால். முன்னால் கறுப்புக் கண்ணாடி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அவர் தன் உள்ளங்கையை அந்தக் கண்ணாடிமேல் வைத்து மூடினார்.

"இப்ப அமுக்குங்க தோழர்."

அமுக்கினார். மாறவில்லை. கையை எடுத்ததும் மாறியது. மறுபடி மூடினார், நின்றது.

இருபத்துமூன்று வருஷத்தில் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டது அவருக்கு அதுதான் முதல் தடவை. ரிமோட்டின் வெளிச்சம் உள்ளே போகிற வழியே அந்தக் கண்ணாடிதான். அடி அண்ணாமலை மொத்தமும் பெட்டியைப் பார்த்து, நெற்றி எது என்று யோசித்து, யாரும் யாரையும் கேட்காமல் நட்டநடுவில் சந்தனத்தை அப்பியிருக்கிறது. பரீட்சையில் பார்த்து எழுதினால்கூட இத்தனை பேர் ஒரே தப்பை இவ்வளவு சுத்தமாக எழுத முடியாது.

"புரிஞ்சிதா?" என்றார் தருமன்.

"காத்து மாறிச்சின்னா சரியாயிடும் தோழர்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். உண்மையைச் சொன்னால் தருமன் சாயங்காலமே மைக் கட்டிவிடுவார். அவர் மைக் கட்டினால், அதற்காகவே ஊரில் ஒரு பெண்ணும் பொட்டைத் துடைக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்தவர் நேராகத் தன் பெட்டியிடம் போய்க் கட்டைவிரலை வைத்தார்.

"அய்யய்ய, பூஜ போட்ட பொட்டக் கட்ட வெரலால தேய்க்கறியே, அறிவு இருக்குதா?" என்று தமிழ்செல்வி கத்தினாள். "நாளும் கெழமையுமா, சோறு போடற சாமான!"

"இது நெத்தி இல்ல தமிழு. கண்ணு. கண்ணுல போய் யாராவது சந்தனத்த அப்புவாங்களா? அதான் பாவம் ஒண்ணும் தெரியாம ஒக்காந்திருக்குது."

தமிழ்செல்வி பெட்டியைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. ஐந்து நாளாகக் கண்ணில் எரிச்சலோடு ஒரு ஜீவன் தன் வீட்டில் உட்கார்ந்திருந்ததா?

"அப்ப நெத்தி எங்க?"

அப்பாதுரை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கண்ணாடிக்கு மேலே விளிம்பைத் தொட்டுக் காட்டினார். அவள் முதலில் அங்கே புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். பிறகு ஈரத்துணியால் கண்ணைப் பதமாகத் துடைத்து, "தெரியாம வெச்சிட்டேன்" என்று பெட்டியிடம் சொன்னாள். ரிமோட்டை அமுக்கினாள். நாடகம் வந்தது.

வழி தெரிந்துவிட்டது. ஆனால் மறுநாள் வியாழக்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் வண்டி எடுக்க முடியாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலையிலேயே நடந்தார். எந்த வீட்டிலும் அவர் பொட்டைத் தொடவில்லை. கண் எது நெற்றி எது என்று மட்டும் காட்டினார். வீட்டுக்காரிகள் மேலே வைத்துக் கீழே துடைத்தார்கள். தங்கம்மாள் தன் பெட்டிக்கு அதோடு நிற்காமல் கண்ணுக்குக் கற்பூரமும் காட்டினாள். துண்டு போடுவதை மட்டும் விடவில்லை. விட்டுப்போன வீட்டைப் பிடிக்க அவர் பாதையில் எதிர்த்திசையில் நடந்தபோது, "எல்லாரும் இப்படிப் போனா நீ மட்டும் எங்கய்யா போற?" என்று வெறுங்காலோடு வந்த பக்தர்கள் திட்டினார்கள். மதியத்துக்கு மேல் அவர் போவதற்கு முன்பே சேதி போனது. சுவர் தாண்டி, குழாயடி தாண்டி, கண் திறந்துகொண்டே போனது. வெளிச்சம் இறங்குகிற நேரத்துக்கு ஒரே ஒரு வீடுதான் பாக்கி.

கன்னியம்மாள் வீடு. ஒரு பசு, ஒரு கன்று, ஒரு டிவி. மகன்கள் பெங்களூரில். புருஷன் போய் எட்டு வருஷம்.

"அக்கா, பெட்டிக்கு அது கண்ணுக்கா. மேல ஒரு பொட்டு வெச்சிட்டு, இத மட்டும் லேசா..."

"தெரியும். பக்கத்து வூட்டுக்காரி வந்து சொன்னா."

"அப்பறம் இன்னாக்கா?"

கன்னியம்மாள் கன்றுக்குப் புல்லைப் பிரித்துக்கொண்டே பேசினாள். "பூஜையன்னிக்கு அவதான் வந்தா. நீ வெக்கக் கூடாது, நான் வெக்கறன்னா. வேணான்னு சொல்லிக் கதவ சாத்திட்டு நானே வெச்சேன். எட்டு வருஷத்துல இந்தக் கையால வெச்ச ஒரே பொட்டு அப்பாதொர. என் நெத்தியில இருந்தத எல்லாரும் நின்னுகினு அழிச்சீங்க. நீயும்தான் நின்ன. அப்ப நான் வாயத் தொறக்கல. இத அழிக்க உடமாட்டேன்."

நின்றது உண்மைதான். கிணற்றடியில், கடைசி வரிசையில், தலையைக் குனிந்துகொண்டு.

அவள் கன்றை அவிழ்த்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அப்பாதுரையும் பெட்டியும் மட்டும். கையில் ஈரத்துணி. இரண்டு நொடி வேலை. அவள் திரும்பி வருவதற்குள் முடிந்துவிடும், வியர்த்துக் கரைந்தது என்று பொய் சொல்லலாம், லைன் தப்பித்துவிடும். துணியைத் தூக்கினார். ஊரில் வேறு எந்தப் பெட்டியிலும் அவ்வளவு பெரிய பொட்டை அவர் பார்க்கவில்லை. எட்டு வருஷத்துக்கும் சேர்த்து வைத்ததுபோல் அகலமாக, வட்டம் கோணாமல், நடுவில் குங்குமம் துளிகூடச் சிதறாமல் இருந்தது.

துணியால் பெட்டியின் மேல்தூசியைத் துடைத்தார். மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அக்கா, இங்க வா. எந்த நாடகம் பாப்ப நீ?"

பெட்டியின் ஓரத்தில் சின்னதாக இரண்டு பட்டன் இருந்தன. ரிமோட் இருக்கும்போது அதை யார் தேடப்போகிறார்கள்? ஒன்றை அமுக்கினால் அடுத்த சேனல், இன்னொன்றை அமுக்கினால் முந்தின சேனல். அவளுடைய நாடகம் பதினான்கு அமுக்கலில் வந்தது. பழைய சேனலுக்கே திருப்பி வைத்துவிட்டு அவளையே அமுக்கச் சொன்னார். கன்னியம்மாள் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டு அமுக்கினாள். பதினான்கில் சிரித்தாள்.

கொடுத்த கம்ப்ளெயிண்டைத் திரும்ப வாங்கிக்கொள் என்று அவளிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை சமாசாரத்தையும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தமிழ்செல்வியிடம், "ஒண்ணு நிக்குது" என்று மட்டும் சொன்னார். யார் வீடு என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவள் சோறு போட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அன்பரசன் வந்தார். பின்னாலேயே அருள்ராஜ். தெருவில் போகும்போதே தலைக்குமேல் போகிற வயரைக் கண்ணால் அளந்துகொண்டு வந்தான்.

அன்பரசன் போனைப் பார்த்தார். "அறுபத்தாறு க்ளோஸ். பரவால்லண்ணே. கன்னியம்மாள்னு ஒண்ணு நிக்குதே?"

"நிக்குது சார்."

"நான்தான் சொன்னேனே, ஒண்ணு நின்னாலும்..."

"சொன்னீங்க சார்."

மூன்று பேரும் போனார்கள். வீடு திறந்திருந்தது, முந்தின நாள் நாடகம் முடிந்ததும் அவள் திருப்பி வைத்திருந்த பழைய சேனலிலேயே டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஆளைக் காணோம். அன்பரசன் ரிமோட்டை எடுத்துப் பெட்டிமுன் நீட்டி அமுக்கினார். பக்கவாட்டில் நின்று அமுக்கினார். உள்ளங்கையில் தட்டிவிட்டு அமுக்கினார்.

"பாத்தீங்களா சார்" என்றான் அருள்ராஜ்.

"யாருபா அது, செருப்போட உள்ள வந்து நிக்கறது?" கன்னியம்மாள் கையில் பால் செம்போடு கொல்லையிலிருந்து வந்தாள். இரண்டு பேர் அவசரமாக வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். அப்பாதுரை ஏற்கெனவே வெறுங்காலோடுதான் நின்றிருந்தார்.

"கம்ப்ளெயிண்ட் குடுத்தீங்களேம்மா" என்றார் அன்பரசன். "ரிமோட் வேல செய்யலன்னு."

"ஆமா. செய்யல."

"இப்பவும் செய்யல. அப்ப லைன் சரியில்லதான?"

"லைனுக்கு இன்னா கொறச்சல்?" செம்பை இறக்கி வைத்துவிட்டு அவள் பெட்டியிடம் போனாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று ஆண்களும் அவள் எண்ணி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். பதினான்கில் திரும்பினாள். "மாறிச்சா? ரிமோட்டு எனக்கு வேணாம். ஒக்காந்த எடத்துலேர்ந்து அதிகாரம் பண்றது எனக்குப் பழக்கமில்ல."

"அப்ப கம்ப்ளெயிண்ட்?"

"அது சனிக்கெழம கோவம். அத இன்னும் வெச்சிக்கினு இருக்கியா நீ?"

அருள்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அன்பரசன் பெட்டிமுன் குனிந்துவிட்டிருந்தார். பொட்டு கண்ணில் பட்டது. "இது என்ன, இங்க ஏதோ..." என்று சுண்டுவிரல் நகத்தால் சுரண்டப் போனார்.

"தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்."

விரல் அந்தரத்தில் நின்றது. விரல் நின்ற பிறகும் அன்பரசன் நிமிரவில்லை. அப்படியே குனிந்தபடி பொட்டையும் அதன் பின்னாலிருந்த கண்ணாடியையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்து அப்பாதுரையை ஓரமாக இழுத்தார். குரலில் அந்த ஐம்பது வயது இல்லை.

"அண்ணே, எங்க வூட்லயும் சனிக்கிழமைலேர்ந்து ரிமோட்டு செத்துப் போச்சி. வூட்டுக்காரம்மா என்கிட்ட பேசறதில்ல. வேற பெட்டி கொண்டாந்து மாத்தினேன். புதுசு வந்துதுன்னு அதுக்கும் பூஜ போட்டாங்க."

"நடுவுலயா சார்?"

"நட்டநடுவுல."

"நீங்க தொடாதீங்க சார். அது கண்ணு, நெத்தி மேல இருக்குதுன்னு சொல்லுங்க. மேல ஒண்ணு வெச்சிட்டு அவங்களே தொடைக்கட்டும். தெரியாம வெச்சிட்டேன்னு பெட்டிகிட்ட சொல்லுவாங்க; நீங்க சிரிச்சிடாதீங்க."

அன்பரசன் தலையாட்டினார். போனை எடுத்து அந்தக் கடைசி கம்ப்ளெயிண்டைத் திறந்தார். கோளாறு என்ன என்று அது கேட்டது. 'ஒன்றுமில்லை' என்று அடித்து மூடினார்.

"சார், அப்ப லைனு..." என்றான் அருள்ராஜ்.

"நிக்கறதா இருந்தா ஓரமா நில்லுங்க. மறைக்குது" என்றாள் கன்னியம்மாள். "நாடகம் ஆரம்பிச்சிடுச்சி."

மூன்று பேரும் சுவரோரமாக ஒதுங்கினார்கள். திரையில் ஒரு பெண் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். ஒரு புள்ளி இல்லை. அவள் கண்ணீர் சொட்டு சொட்டாகத் தெரிந்தது. அப்பாதுரை கைகட்டி நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்து அருள்ராஜ், "இவ ஏன் அழுவறா?" என்று கேட்டான்.

"சும்மா இரு" என்றாள் கன்னியம்மாள்.